வெடிக்காரன் போட்ட தடை

எங்கள் நாட்டில் வெடி விற்கக் கூடாது, வெளியிலிருந்து கொண்டுவரவும் கூடாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வருடம் முழுக்க அந்தச் சட்டத்துக்கு நாங்கள் ஒரு குறையும் வைப்பதில்லை, அடக்க ஒடுக்கமாக இருப்போம். நபிகள் பிறந்த நாளான மவ்லித் நெருங்கியதும் அல்ஜியர்ஸில் தெருவுக்குத் தெரு வெடி மேசை முளைத்துவிடும். விற்காதே என்று ரேடியோவில் சொல்வார்கள். கொளுத்தாதே என்று வெள்ளிக்கிழமை பிரசங்கத்தில் இமாம் சொல்வார். தீயணைப்புக்காரர்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் கருகிப்போன விரல்களின் படத்தைக் காட்டுவார்கள். ஜனங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் ஜுபைரிடம் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். இமாமின் மருமகனும் வாங்குவான். என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

ஜுபைர் எனக்கு மேல் மாடியில் குடியிருப்பவன். நான் தையல்காரி, ஃபத்தூமா. கீழ்வீட்டில் என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே படிக்கட்டுச் சந்து, அந்தச் சந்தில்தான் ஜுபைரின் மேசை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறேன் என்று சிலர் பேசிக்கொள்வது எனக்குத் தெரியாமல் இல்லை. ஜன்னலை அங்கே வைத்துக் கட்டியது நானா? பேசுகிறவர்கள் பேசட்டும்.

முன்பு அவன் அரசாங்கச் செருப்புத் தொழிற்சாலையில் இருந்தான். அதை இழுத்து மூடியதும் மற்றவர்கள் எல்லாம் காப்பிக்கடையில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்க, இவன் ஒரு மடக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து சந்தில் போட்டான். அதற்குப் பிறகு காலண்டரே எங்களுக்குத் தேவைப்படவில்லை. மேசையில் கொத்தமல்லியும் பலகாரமும் வந்தால் ரமலான். கரியும் கத்தியும் வைக்கோலும் வந்தால் குர்பானிப் பெருநாள். பிள்ளைகளின் மேலங்கியும் நோட்டு அட்டையும் வந்தால் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. மெழுகுவத்தியும் மருதாணியும் ஊதுவத்தியும் வந்தால் மவ்லித். மெழுகுவத்தி மேலே, வெடி கீழே. விரிப்புத் துணியின் நாலு மூலையிலும் கயிறு கட்டியிருப்பான். போலீஸ் வருகிறது என்று மேல்படியிலிருந்து யாராவது விசிலடித்தால் ஒரே இழுப்பு, எல்லாம் மூட்டையாகிவிடும். அந்த மூட்டை எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? என் ஜன்னல் வழியாக என் மடியில் வந்து விழும்.

"ஏண்டா, என் வீடு என்ன உன் கிடங்கா? ஒரு நாள் என்னையும் சேர்த்து வெடிக்க வைக்கப் போற!" என்று கத்துவேன்.

"உங்களை வெடிக்க வைக்கத் திரி வேணுமா அக்கா, ஒரு வார்த்தை போதாதா?" என்பான். கோபித்துக்கொள்ளவும் முடியாது, சிரித்துத் தொலைப்பேன்.

அவன் மனைவி வர்தியா மலைக்காரப் பெண். எங்கள் சந்தில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது, நான் உட்பட. மவ்லித் இரவில் மாடிச் சன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பாள். கீழே வெடிக்க வெடிக்க, "இதுதானா? நேத்து எங்க வீட்டுப் பால் பொங்கினப்ப இதைவிடச் சத்தம் கேட்டுச்சே!" என்று பையன்களை உசுப்பேற்றுவாள். அவர்களும் ரோஷப்பட்டு இன்னும் பெரியதாகப் பற்ற வைப்பார்கள். பெரியதிலும் பெரியதற்கு 'ஷைத்தானா' என்று பெயர், பெண் சாத்தான். வர்தியாவை மனதில் வைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள் என்று ஜுபைர் சொல்வான், அவள் காதில் விழாத தூரத்திலிருந்து.

அந்த வர்தியாவுக்குத்தான் போன வருடம் இதய ஆபரேஷன் ஆயிற்று. மவ்லித்துக்குக் கொஞ்ச நாள் முன்பு வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். நெஞ்சில் கட்டு, முகத்தில் ரத்தமே இல்லை, மாடிப்படியை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கித்தான் ஏற்றினோம். அப்போதும், "மெதுவா தூக்குங்க, ஆட்டுக்கிடாயா தூக்கறீங்க?" என்று அதட்டினாள். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் ஜுபைர் என் வீட்டுக்குள் வந்து, தைக்க வந்திருந்த ஏதோ துணியின்மேல் உட்கார்ந்தான். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"அக்கா, டாக்டர் சொல்லி அனுப்பியிருக்காரு. தையல் ஆறுற வரைக்கும் அவ திடுக்கிடவே கூடாதாம். படார்னு ஒரு சத்தம் கேட்டாக்கூட ஆபத்தாம்."

"அப்ப நீ வாயைத் திறக்காம இரு. உன் தொண்டையே ஒரு வெடிதான்."

"மவ்லித் வருதே அக்கா," என்றான்.

அந்த மவ்லித்துக்கு அவன் மேசை போட்டுச் சில நாளாகிவிட்டது. சந்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லார் வீட்டிலும் வெடி. எல்லாம் இவன் கையால் விற்றது.

"அவ தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயேண்டா, மலையில சத்தமிருக்காது."

"அந்த ரோட்டுல வண்டி குலுங்குற குலுங்கலுக்கு, உயிரோட போய்ச் சேர மாட்டா. டாக்டர் வீட்டை விட்டே நகர்த்தாதேன்னுட்டாரு."

"வர்தியா என்ன சொல்றா?"

"அவகிட்ட சொல்லவே இல்ல. சொன்னா விடுவாளா? 'எனக்காகப் பிள்ளைங்க பெருநாளைக் கெடுக்கறியா'ன்னு எழுந்து நின்னு சண்டை போடுவா. அதுலயே தையல் பிரிஞ்சுடும். யாரும் அவகிட்ட மூச்சு விடக் கூடாது அக்கா."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. நானும் ஆமாம் போட்டேன்.

மறுநாள் அவன் செய்த காரியத்தை எங்கள் சந்து இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. போலீஸைக் கண்டால் மூட்டையோடு ஓடுகிறவன், தானாகப் போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பினான். தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

இன்ஸ்பெக்டர் லக்தருக்கு இவனை நன்றாகத் தெரியும். வருடா வருடம் துரத்தியவர், தெரியாமல் இருக்குமா?

"யாரு, ஜுபைரா? நீயா வந்தியா, யாராச்சும் புடிச்சிட்டு வந்தாங்களா?"

"நானாத்தான் வந்தேன் ஐயா. எங்க சந்துல வெடி வெடிக்காம நீங்க தடுக்கணும்."

அங்கே இருந்த போலீஸ்காரர்கள் எல்லாம் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதை வச்சுத் தடுக்கச் சொல்ற?"

"சட்டத்தை வச்சுத்தான் ஐயா. சட்டம் இருக்குதே."

சிரித்தார்கள் பாருங்கள், சுவரில் மாட்டியிருந்த படம் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சட்டம் இருக்கறது உனக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிரிச்சது போதும்! அவன் பொண்டாட்டி நெஞ்சைப் பிளந்து தச்சு அனுப்பியிருக்காங்க, உங்களுக்கு வேடிக்கையா இருக்கா?" என்று மேசையைத் தட்டினேன். அவ்வளவுதான், அடங்கிவிட்டார்கள்.

லக்தர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "சந்து முனையில ஒரு ஆளை நிறுத்தறேன். வெடியோட உள்ள வர்றவன்கிட்ட புடுங்கிக்குவான். ஆனா இப்பவே வீடு வீடா உள்ள கிடக்குதே, அதுக்கு நான் என்ன பண்ண? அதை வித்தவன்தான் போய்க் கேட்கணும்."

போய்க் கேட்டான். கடைசி வீடு வரைக்கும் கதவைத் தட்டினான், நானும் கூடவே ஏறி இறங்கினேன், முட்டி வலி போனால் போகிறது என்று. வெடியைத் திருப்பிக் கொடுத்தால் அதற்குப் பதில் மெழுகுவத்தி. அவனிடம் கொடுப்பதற்கு வேறென்ன இருக்கிறது?

கசாப்புக்காரன் மக்லூஃப் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டான்: "ஏன்யா, வித்ததைத் திருப்பிக் கேக்கறது எந்த ஊர் வியாபாரம்? நான் வித்த கறியை நான் திருப்பிக் கேட்டிருக்கேனா?"

"உன் கறியைத் தின்னா வயிறுதான் நிக்காது மக்லூஃப். இதுல நெஞ்சே நின்னுடும்," என்றான் ஜுபைர்.

மக்லூஃப் உள்ளே போனான், இரண்டு கையிலும் பெட்டிகளோடு வந்தான். "எங்க அப்பா கபுறுக்குழி மேல ஆணை, வீட்ல இவ்வளவுதான் இருக்கு," என்றான். டாக்ஸி ஓட்டும் ரஷீத் கொடுத்தான். இமாமின் மருமகன், தான் வாங்கவே இல்லை என்று முதலில் சாதித்தான், நான் ஒரு பார்வை பார்த்ததும் கொண்டுவந்து கொடுத்தான். எல்லாவற்றையும் நான் துணி ஊறவைக்கிற தொட்டியில் கொட்டித் தண்ணீரை நிரப்பினோம். தண்ணீர் கறுத்துப் போயிற்று. தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற ஜுபைருக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

அதோடு விட்டானா? சந்து முனையில் மோட்டார் சைக்கிளை முறுக்கக் கூடாது, படிக்கட்டில் யாரும் யாரையும் கூப்பிட்டுக் கத்தக் கூடாது, கடை ஷட்டரை மெதுவாக இறக்க வேண்டும். எல்லோரும் கேட்டார்கள். ரேடியோ சொல்லியும் இமாம் சொல்லியும் கேட்காத ஜனம், வெடிக்காரன் போட்ட தடைக்கு அடங்கியது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

மவ்லித் சாயங்காலமும் வந்தது. பாங்கு சொல்லி முடித்ததும் சன்னல் சன்னலாக மெழுகுவத்தி ஏற்றினார்கள். வெடிக்குப் பதில் கொடுத்ததெல்லாம் சேர்ந்து அந்த வருடம் ஏகப்பட்ட மெழுகுவத்தி. வீட்டுக்கு வீடு கோழிக் குழம்பு வாசனை. கீழே துறைமுகப் பக்கமும் எதிர் மேட்டிலும் வெடிக்கத் தொடங்கிவிட்டார்கள், தூரத்தில் இடி உருளுகிற மாதிரி கேட்டது. எங்கள் சந்தில் குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை. சந்து முனையில் தொப்பை போட்ட ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், வெளியாட்களிடம் பறித்த வெடி காலடியில் ஒரு சாக்கில் கிடந்தது.

நான் ரவையை வறுத்துத் தமீனா கிளறி, மேலே தேனும் லவங்கப்பட்டையும் போட்டு, ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஜுபைர் கட்டிலோரம் உட்கார்ந்து வர்தியாவின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தான். முகமெல்லாம் நிம்மதி.

வர்தியா தட்டைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள்.

"ஃபத்தூமா, கதவைச் சாத்து. யாரு செத்தது?"

"யாரு... யாரும் சாகலையே!"

"எங்கிட்ட மறைக்காத. ஊரெல்லாம் வெடிக்குது, நம்ம சந்துல மட்டும் ஒரு சத்தமில்ல. யாரு செத்தது?"

தட்டைக் கீழே வைத்தேன். இது எப்படி எங்களுக்குத் தோன்றாமல் போயிற்று? சாவு விழுந்த சந்தில் மவ்லித்துக்கு வெடிக்க மாட்டார்கள். மக்லூஃபின் அப்பா இறந்த வருடம் அப்படித்தான் சந்தே ஊமையாகக் கிடந்தது, பையன்கள் கையிலிருந்த வெடியைப் பிடுங்கி வைத்ததே வர்தியாதான். நெஞ்சு நோவு உள்ளவர்களிடம் சாவுச் செய்தியை மறைப்பதும் எங்கள் வழக்கம். எல்லோரும் செய்வது, எல்லோருக்கும் தெரிந்தது.

"நஸீமா?" என்றாள்.

நஸீம் அவர்களுடைய ஒரே பிள்ளை. கல்யாணமாகாதவன். படகேறி அக்கரைக்குப் போய், பிரான்சில் மார்செய் நகரத்தில் இருக்கிறான். பெருநாள் என்றால் விடிந்ததும் கூப்பிட்டுவிடுவான், அன்று கூப்பிடவில்லை. அவன் நன்றாகத்தான் இருந்தான், ஒரு ஹோட்டல் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டு இருந்தான், முதலாளி போனை வாங்கி அணைத்து வைத்திருந்தார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"அடி பைத்தியக்காரி, அவனுக்கென்ன, நல்லா இருக்கான்!" என்று பதறினான் ஜுபைர். "நான்தான் வெடிக்க வேணாம்னேன். உனக்காகத்தான். டாக்டர் சொன்னாரு. வீடு வீடாப் போய் எல்லாத்தையும் திருப்பி வாங்கித் தண்ணியில போட்டேன்."

"நீ? வெடியைத் தண்ணியில போட்டியா?"

"சத்தியமா."

"மெழுகுவத்தி மட்டும்தான் விக்கறேன்னு போலீஸ்கிட்ட சத்தியம் பண்ற வாய்தானே இது? அவனுக்குப் போன் போடு."

போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தப் பெண் குரல் சொன்னது. மறுபடியும் போட்டான், மறுபடியும் அதையே சொன்னது. வர்தியாவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. கட்டின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, மூச்சைப் பாதியில் பிடித்துப் பிடித்து விட்டாள். திடுக்கிடக் கூடாது என்றல்லவா அத்தனை பாடும் பட்டோம்? இப்போது எங்கள் கண் முன்னால் போய்விடுவாள் போல இருந்தது.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சாவு வீட்டில் யாராவது குலவை போடுவார்களா? சன்னலுக்கு ஓடினேன், தலையை வெளியே நீட்டி, என் தொண்டையில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு குலவை போட்டேன். காலையிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் இதற்காகவே காத்திருந்த மாதிரி எதிர்ச் சன்னலிலிருந்தும் மொட்டைமாடியிலிருந்தும் பதில் குலவை போட்டார்கள். சந்தே நடுங்கியது. நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

வர்தியா எழுந்து உட்கார்ந்திருந்தாள். "என் பிள்ளைக்கா குலவை போடுறீங்க? மாப்பிள்ளையாக்கியா அனுப்புறீங்க?" என்று அலறினாள்.

யா ரப்பி, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கல்யாணமாகாத பையன் இறந்தாலும் எங்கள் பெண்கள் குலவை போட்டு அனுப்புவார்கள், பார்க்காத கல்யாணத்துக்குப் பதிலாக. நான் ஆறுதல் சொல்லப் போய் அவள் பிள்ளையின் பாடையைத் தூக்கிவிட்டேன்.

"ஜுபைர், வெடிடா! ஏதாவது ஒண்ணைக் கொளுத்துடா!"

"எங்க இருக்கு அக்கா? எல்லாம் உங்க தொட்டியிலதானே கிடக்கு!" என்றான். சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் அவனைக் காணவில்லை. வெறுங்காலோடு படியில் தடதடவென்று இறங்குகிற சத்தம் கேட்டது. ஒரு கையால் வர்தியாவைப் பிடித்துக்கொண்டே சன்னல் வழியாகப் பார்த்தேன். போலீஸ்காரர் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, ஒரு வெடி குடுங்க! ஒண்ணே ஒண்ணு!"

"யோவ், உன் பொண்டாட்டிக்கு ஆகாதுன்னுதானே மத்தியானத்துலேர்ந்து இங்க காவல் காக்கறேன்?"

"இப்ப வெடிக்கலேன்னா அவ செத்துடுவா ஐயா! புள்ள செத்துட்டான்னு நெனச்சுக்கிட்டா! நம்ப மாட்டேங்கறா!"

போலீஸ்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மேலே வர்தியா நஸீம், நஸீம் என்று கூப்பிடுவது அவர் காதிலும் விழுந்திருக்கும். அவரும் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும். சாக்கில் கையை விட்டு ஒரு ஷைத்தானாவை எடுத்தார், தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டார், வாயிலிருந்த சிகரெட்டாலேயே திரியைப் பற்றவைத்துப் படியில் உருட்டி விட்டார்.

அது வெடித்த வெடியில் என் தையல் மெஷினின் பெட்டி தானாகத் திறந்துகிடந்ததைப் பிறகு பார்த்தேன்.

போலீஸ்காரரே வெடித்துவிட்டார், தடை போட்டவன் பக்கத்திலேயே நிற்கிறான், அப்படியென்றால் தடை நீங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? மக்லூஃபின் மொட்டைமாடியிலிருந்து முதல் சரம் கிளம்பியது, அப்பா கபுறு மேல் ஆணையிட்டவனுடைய வீட்டிலிருந்து! அப்புறம் ரஷீத் வீடு. இமாமின் மருமகன் ராக்கெட்டே விட்டான். திருப்பிக் கொடுத்தது பாதி, ஒளித்து வைத்தது பாதி. வீடு பாக்கியில்லாமல் வெடித்தது.

"துரோகிங்களா! எல்லாரும் திருட்டுப் பயலுங்க! என் மெழுகுவத்தியைத் திருப்பிக் குடுங்கடா!" என்று ஜுபைர் படிக்கட்டு நடுவில் நின்று கத்தினான். திட்டிக்கொண்டே அழுதான். அழுதுகொண்டே ஓடி வந்தான்.

உள்ளே நான் வர்தியாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி, குர்ஆனில் எனக்குத் தெரிந்த ஆயத்தையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். முதல் வெடிக்கு அவள் உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டாவதற்குக் கண்ணைத் திறந்தாள். அப்புறம் வரிசையாக வெடிக்க வெடிக்க, ஒவ்வொரு வீடாக, இது ரஷீத், இது மக்லூஃப் என்று காது கொடுத்துக் கேட்டாள். மூச்சு சீரானது. உதட்டுக்கு நிறம் வந்தது.

"மக்லூஃப் வெடிக்கறானா? அப்ப நஸீம் இருக்கான்," என்றாள். "அவன் நஸீமைத் தூக்கி வளர்த்தவன். நஸீம் போயிருந்தா அவன் கை வெடியைத் தொடாது."

ஜுபைர் கட்டிலருகில் மண்டியிட்டு, தன் இரண்டு உள்ளங்கையாலும் அவள் காதுகளைப் பொத்தினான். அவள் ஒரு கையை மட்டும் பிடித்து விலக்கினாள்.

"இந்தக் காதை விடு. நான் கேக்கணும்."

விலக்கிய கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் நெஞ்சுக் கட்டின் மேல் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டான். வெளியே வெடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் அவன்தான் திடுக்கிட்டான்.